கிரிஸ்ஃப்ளையர் மைல்கள்: ஒரே விமான நிறுவனத்தில் பறப்பது இன்னும் கட்டுப்படியாகுமா?

டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சி போகவேண்டும். வீட்டில் மூன்று பேர். மடிக்கணினியில் இரண்டு பக்கங்கள் திறந்திருக்கின்றன. ஒன்றில், சாங்கியில் ஏறினால் நேராகத் திருச்சியில் இறக்கிவிடும் மலிவுக் கட்டண விமானம். இன்னொன்றில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஆனால் அது திருச்சிக்குப் போவதில்லை. சென்னையில் இறங்கி, ரயிலோ காரோ பிடித்து இன்னும் ஐந்தாறு மணி நேரம் போகவேண்டும். கட்டணமும் பெரும்பாலும் கூடுதல்.

"எஸ்ஐஏலயே போட்டுடேன். மைல்ஸ் வருமே!" என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

உங்கள் வீட்டிலும் கேட்ட குரலாக இருக்கலாம். சரி, வரப்போகும் அந்த மைல்ஸ் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,800 மைல் தூரம். எக்கானமியில் ஆக மலிவான 'லைட்' கட்டணத்தில் சென்றால், பறந்த தூரத்தில் பாதிதான் கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் சேரும். போக 900, வர 900. ஆக 1,800 மைல். ஒரு மைலுக்கு ஒன்றரைக் காசு மதிப்பு என்று வைத்துக்கொள்வோம். இது யாரும் அறிவித்த விலை இல்லை, நம் கணக்குக்காக எடுத்துக்கொள்ளும் ஒரு நடுத்தர மதிப்பு. அப்படிப் பார்த்தால் 1,800 மைல் என்பது 27 வெள்ளி.

மூன்று பேருக்குச் சேர்த்து 81 வெள்ளி. அதுவும் ஒரே கணக்கில் வராது. அப்பா கணக்கில் 1,800, அம்மா கணக்கில் 1,800, உங்கள் கணக்கில் 1,800. தனித்தனியே எடுத்தால் அதில் கோலாலம்பூருக்குக்கூட ஒரு டிக்கெட் எடுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்த மூன்று ஆண்டுகளில் வேறு மைல் சேர்க்காவிட்டால் அவை சத்தமில்லாமல் காலாவதியாகிவிடும். இரண்டு டிக்கெட்டுகளின் விலை வித்தியாசம் ஆளுக்கு 27 வெள்ளிக்கு மேல் போனால், மைலுக்காக சிங்கப்பூர் ஏர்லைன்ஸைத் தேர்ந்தெடுப்பது நஷ்டம். சாப்பாடு நன்றாக இருக்கும், பெட்டிக்குத் தனியாகக் காசு கட்டவேண்டாம், சென்னையில் வேலை இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். அவையெல்லாம் நியாயமான காரணங்கள். மைல் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

திருச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் பறக்கும் ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததுதான் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதில் பறந்தாலும் கிரிஸ்ஃப்ளையர் மைல் உண்டு. கட்டணம் குறைவு என்பதால் மைலும் கொஞ்சமாகத்தான் வரும்.

மைல் என்பது உண்மையில் என்ன?

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது யோசனை எளிமையாக இருந்தது. அடிக்கடி பறப்பவர் வேறு நிறுவனத்திற்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். எப்படியும் காலியாகப் போகும் இருக்கைகளில் சிலவற்றை அவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம். பறந்த தூரத்தை அளந்ததால் 'மைல்' என்று பெயர் வந்தது.

இன்று அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். மைல் இப்போது விமான நிறுவனமே அச்சடிக்கும் ஒரு நாணயம். அதை மொத்தமாக வாங்குவது வங்கிகள். நீங்கள் ஃபேர்பிரைஸில் கடன்பற்று அட்டையைத் தட்டும்போது கிடைக்கும் மைலுக்கு வங்கி ஏற்கெனவே விமான நிறுவனத்திடம் பணம் கட்டியிருக்கும், அல்லது கட்டப்போகிறது. விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் அந்த வியாபாரம் ஓடும்.

அது எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதைக் கொரோனா காலம் காட்டிக்கொடுத்தது. 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை ஈடாக வைத்து 6.8 பில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியது. டெல்டா அதே முறையில் 9 பில்லியன். அடுத்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 10 பில்லியன். விமானங்கள் ஓடாத நேரத்திலும் கடன் கொடுப்பவர்கள் நம்பியது உறுப்பினர்களின் மைல்களை, அதாவது அட்டையைத் தட்டிக்கொண்டே இருக்கும் நம் பழக்கத்தை.

இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் இன்னும் பயன்படுத்தாத ஒவ்வொரு மைலும் விமான நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பொறுப்பு. என்றாவது ஒரு நாள் அதற்கு இருக்கை தரவேண்டும். அந்தப் பொறுப்பைக் குறைக்க இரண்டு வழிகள் எப்போதும் கைவசம் இருக்கின்றன: மைல் காலாவதியாவது, மைலின் மதிப்பு குறைவது. இரண்டையும் முடிவு செய்வது நாணயத்தை அச்சடிப்பவர்தான்.

ஓடும் கோலும் ஓடும் கடிகாரமும்

சிங்கப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்கு பிசினஸ் வகுப்பில் ஒருவழிப் பயணம். மைல் சேர்க்கும் பலரின் கனவு இதுதான். 'சேவர்' எனப்படும் ஆகக் குறைந்த மைல் விகிதத்தில் இதற்கு ஒரு காலத்தில் 92,000 மைல் போதும். 2022 ஜூலையில் அது 103,500 ஆனது.

அந்த ஜூன் மாதம் ஒருவர் சரியாக 92,000 மைலுடன் இருந்தார் என்று கற்பனை செய்துபாருங்கள். 'அடுத்த மாதம் டிக்கெட் போடலாம்' என்று இருந்திருக்கிறார். மாதம் மாறியதும் 11,500 மைல் குறைகிறது. வெள்ளிக்கு 1.2 மைல் தரும் சாதாரண அட்டையில் அதை ஈடுகட்ட ஏறத்தாழ 9,600 வெள்ளி செலவழிக்கவேண்டும். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. காத்திருந்தார், அவ்வளவுதான்.

2025 நவம்பரில் இன்னொரு சுற்று. பல பயணங்களுக்குத் தேவைப்படும் மைல் மீண்டும் கூடியது. கூடவே 'அக்சஸ்' என்று ஒரு புதிய வகை வந்தது. இதில் நிலையான அட்டவணை இல்லை. இருக்கைக்கான தேவையைப் பொறுத்து மைல் ஏறும், இறங்கும். சேவர் இருக்கை கிடைக்காதவர்களுக்கு இது ஒரு கூடுதல் வாய்ப்பு என்பது உண்மைதான். ஆனால் டிக்கெட் விலையைப் போலவே மைல் விலையும் ஆடத் தொடங்கினால், 'இத்தனை மைல் சேர்த்தால் இங்கே போகலாம்' என்று திட்டமிடுவது கஷ்டமாகிவிடும். மைல் சேர்ப்பதன் கவர்ச்சியே அந்த நிச்சயம்தானே?

கோல் இப்படி நகர்கிறது என்றால் கடிகாரமும் சும்மா இல்லை. கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். நீங்கள் தொடர்ந்து பறந்தாலும், அட்டையைப் பயன்படுத்தினாலும் பழைய மைலின் ஆயுள் தானாக நீளாது. எல்லா நிறுவனங்களும் இப்படி இல்லை. ஹாங்காங்கின் கத்தே பசிஃபிக் 2020 முதல் முறையை மாற்றியது: 18 மாதத்துக்குள் ஒருமுறையாவது மைல் சேர்த்தாலோ செலவழித்தாலோ கணக்கில் உள்ள அனைத்தும் பிழைத்துக்கொள்ளும். யுனைடெட், டெல்டா மைல்களுக்குக் காலாவதியே இல்லை. அவற்றின் மதிப்பு வேறு வழிகளில் கரைகிறது என்பது தனிக்கதை.

இப்போது ஒரு இளையரின் கணக்கைப் பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு. மாதம் 1,500 வெள்ளி அட்டையில் செலவழிக்கிறார். வெள்ளிக்கு 1.2 மைல். ஆண்டுக்கு 21,600. மூன்று ஆண்டில் 64,800. ஐரோப்பாவுக்கு பிசினஸ் வகுப்பில் ஒருவழி போகக்கூடப் போதாது. நான்காவது ஆண்டு சேர்க்கத் தொடங்கும்போது முதல் ஆண்டு மைல்கள் ஒவ்வொரு மாதமாக மறைய ஆரம்பிக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதுபோல.

வெள்ளிக்கு 4 மைல் தரும் அட்டைகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. ஆனால் அவை இணையக் கொள்முதல், உணவகம் என்று குறிப்பிட்ட செலவுகளுக்குத்தான், அதுவும் மாதத்துக்கு இவ்வளவு என்ற உச்சவரம்போடு. 1,500 வெள்ளியில் 1,000 வெள்ளியை அப்படிச் செலவழிக்க முடிந்தால் ஆண்டுக்கு 55,200 மைல் சேரும். அப்போது கதை மாறுகிறது, இரண்டு ஆண்டில் கனவு கைக்கு எட்டும். எந்தக் கடைக்கு எந்த அட்டை, எந்த மாதம் எவ்வளவு மீதம் என்று தலையில் ஒரு சின்ன அட்டவணையே வைத்திருக்கவேண்டும். சிலருக்கு அது ஜாலியான விளையாட்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் விருந்து முடிந்ததும் பத்துப் பேரின் சாப்பாட்டுக் கட்டணத்தையும் தன் அட்டையில் போட்டுவிட்டு எல்லாரிடமும் பேநவ் கேட்பார். சிலருக்கு இது இரண்டாவது வேலை மாதிரி. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும்.

கேஷ்பேக்கோடு ஒப்பிட்டால்?

இங்குதான் பலர் கணக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். மைல் 'இலவசம்' இல்லை. மைல் அட்டையைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் கேஷ்பேக் அட்டை தந்திருக்கக்கூடிய காசை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் எந்தச் செலவுக்கும் நிபந்தனையில்லாமல் 1.5 விழுக்காடு திருப்பித் தரும் அட்டைகள் உள்ளன. 100 வெள்ளிக்கு ஒன்றரை வெள்ளி. அதே 100 வெள்ளிக்கு மைல் அட்டை 120 மைல் தருகிறது. அதாவது 150 காசைக் கொடுத்து 120 மைல் வாங்குகிறீர்கள். ஒரு மைலின் விலை 1.25 காசு. அதற்கு மேல் மதிப்பு கிடைத்தால் லாபம், கீழே போனால் நஷ்டம்.

இதில் வங்கிப் புள்ளிகளை மைலாக மாற்றும் கட்டணத்தையும் சேருங்கள். பல வங்கிகளில் ஒவ்வொரு முறைக்கும் 25 வெள்ளிக்கு மேல். ஆண்டுக் கட்டணம் பல அட்டைகளுக்கு 196.20 வெள்ளி, கேட்டால் தள்ளுபடி செய்வார்கள், செய்யாமலும் போகலாம். மைல் கொடுத்து எடுக்கும் டிக்கெட்டுக்கும் வரி உண்டு. சாங்கியிலிருந்து புறப்படுவதற்கான கட்டணங்களும் தீர்வைகளும் மட்டும் 65 வெள்ளியைத் தாண்டும்.

எந்த வகையில் பயன்படுத்தினால் 1.25 காசுக்கு மேல் கிடைக்கும்? பிசினஸ் வகுப்பு டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கிடைக்கும். மைலைக் கொடுத்துக் கடையில் பொருள் வாங்குவது, டிக்கெட் விலையில் ஒரு பகுதியை மைலால் கட்டுவது போன்றவற்றில் பொதுவாக ஒரு காசு அல்லது அதற்கும் கீழேதான். சூட்கேஸ் வாங்க மைல் கொடுப்பவர் கேஷ்பேக் அட்டையே வைத்திருக்கலாம். காசை எந்தக் கடையிலும் கொடுக்கலாம், மூன்று ஆண்டில் அது காலாவதியும் ஆகாது.

பிசினஸ் வகுப்புக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 103,500 மைலுக்குக் கிடைத்த இருக்கையின் விலை 3,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மைலுக்கு ஏறத்தாழ 2.9 காசு. 'செம லாபம்!' என்று தோன்றும். ஆனால் கைக்காசைக் கொடுத்து அந்த இருக்கையை நீங்கள் வாங்கியிருப்பீர்களா? மைல் இல்லாவிட்டால் 700 வெள்ளிக்கு எக்கானமியில் போயிருப்பீர்கள் என்றால், மைல் உங்களுக்கு மிச்சப்படுத்தியது அந்த 700 வெள்ளியைத்தான். மைலுக்கு 0.7 காசுகூட வரவில்லை. கேஷ்பேக்கில் அந்த மைல்களின் அடக்க விலையே சுமார் 1,300 வெள்ளி.

இதைச் சொன்னால் மைல் பிரியர்களுக்குக் கோபம் வரும். 'அனுபவத்துக்கு விலை இல்லையா?' என்பார்கள். உண்டு. வாழ்நாள் முழுவதும் கால் மடக்கி உட்கார்ந்தே பறந்த அம்மாவை ஒருமுறை படுத்துக்கொண்டு பறக்கவைப்பதற்கு ஒருவர் 600 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தால், நான் குறை சொல்லமாட்டேன். அது அவர் வாங்கும் பொருள். பொருளின் விலை தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவே. 'இலவசமா கிடைச்சுது' என்று சொல்லிக்கொள்வதில்தான் சிக்கல்.

மைலுக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது இன்னும் ஆபத்து. அட்டை நிலுவைக்கு வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காட்டுக்கு மேல். 2,000 வெள்ளியை ஒரு மாதம் கட்டாமல் விட்டால் வட்டி மட்டும் ஏறத்தாழ 45 வெள்ளி. தாமதக் கட்டணம் தனி. அந்த 2,000 வெள்ளிக்குக் கிடைத்த 2,400 மைலின் மதிப்பு 36 வெள்ளி. ஒரே மாதத் தவணைத் தவறலில் மைல் முழுக்கப் போய், மேலே கைக்காசும் போகிறது. ஆண்டு வருமானம் 30,000 வெள்ளி இருந்தால் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கையில் முதல் அட்டை வந்த ஆறு மாதத்தில் இந்தக் கணக்கு புரிந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

தங்க அட்டை யாருக்கு?

விசுவாசத்துக்கு இன்னொரு பரிசு, தகுதிநிலை. ஓராண்டில் 25,000 'எலிட்' மைல் பறந்தால் வெள்ளி நிலை, 50,000 பறந்தால் தங்க நிலை. தங்கம் கிடைத்தால் எக்கானமி டிக்கெட்டிலேயே லவுஞ்சுக்குள் போகலாம், கூடுதல் எடை கொண்டுபோகலாம், முதலில் ஏறலாம். ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் மற்ற விமானங்களிலும் இது செல்லும்.

இந்த 50,000ஐ அட்டை செலவழித்து வாங்க முடியாது, பறந்துதான் ஆகவேண்டும். லைட் கட்டணத்தில் சென்னை போய்வந்தால் 1,800 என்று பார்த்தோம். தங்கத்துக்கு ஓராண்டில் 28 தடவை போய்வரவேண்டும். லண்டனில் படிக்கும் மாணவர் போய்வர ஏறத்தாழ 6,800 சேரும். அவருக்கு ஏழெட்டுப் பயணம். பல்கலைக்கழகத்தில் அத்தனை விடுமுறை கிடையாது!

ஆக, தகுதிநிலை என்பது வேறு யாரோ டிக்கெட்டுக்குக் காசு கட்டும்போது கிடைப்பது. மாதம் இருமுறை ஜகார்த்தா, பெங்களூரு, சிட்னி என்று நிறுவனச் செலவில் ஓடுபவருக்கு ஒரே நிறுவனத்தில் பறப்பது முழுக்க அர்த்தமுள்ளது. நேரம் அவருடையது, அலுப்பு அவருடையது, லவுஞ்சில் கிடைக்கும் சூடான லக்சா அதற்கான சின்ன ஈடு. அவர் வேலை மாறியதும் என்ன நடக்கும் என்பதைத்தான் கவனிக்கவேண்டும். தங்கம் போய்விடுமே என்ற பயத்தில் ஆண்டுக் கடைசியில் தேவையில்லாத ஒரு பயணத்துக்குச் சொந்தக் காசைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். லவுஞ்சுக்குள் போகத் தனியாகக் காசு கட்டினாலே அதைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும்.

உலகப் போக்கும் தூரத்திலிருந்து விலகிப் பணத்தின் பக்கம் போகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரல் முதல் தகுதிநிலையைச் செலவை வைத்துக் கணக்கிடுகிறது. தங்கத்துக்கு 20,000 புள்ளி, ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பிபிஎஸ் கிளப்பும் நீண்ட காலமாகவே செலவுக் கணக்குத்தான். அதிகமாகப் பறப்பவர் வேறு, அதிகமாகப் பணம் கட்டுபவர் வேறு என்று நிறுவனங்கள் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டன. விலை பார்த்து டிக்கெட் போடும் இளையர்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

விதி மாறினால் யாரிடம் போவது?

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் உயர்நிலை உறுப்பினராக இருந்த ஒரு யூத சமயகுருவை, அளவுக்கு அதிகமாகப் புகார் செய்கிறார் என்று சொல்லி நிறுவனம் 2008இல் திட்டத்திலிருந்து நீக்கியது. அவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம்வரை போனது. 2014இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக விமான நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அது அமெரிக்கச் சட்டம், இங்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அநேகமாக எல்லாத் திட்டங்களின் விதிமுறைகளிலும் ஒரு வரி இருக்கும்: இந்த விதிகளை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. நாம் படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டும் வரி அது.

நிறுவனமே போய்விட்டால்? 2017 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் ஏர் பெர்லின் நொடித்தது. சில நாள்களில் அதன் மைல் திட்டமும் நொடித்தது. உறுப்பினர்களின் மைல்கள் வெறும் எண்களாயின. எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் பங்கு இருந்த விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது புள்ளிகள் புதிய திட்டத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே அவற்றுக்கு என்ன மதிப்பு என்பதைப் புதிய நிறுவனம்தான் தீர்மானிக்கும்.

பயணிகள் குரல் எடுபட்டதும் உண்டு. 2023இல் டெல்டா தகுதிநிலை விதிகளையும் லவுஞ்ச் விதிகளையும் கடுமையாக்கியபோது எதிர்ப்பு வெடித்தது. அடுத்த மாதமே சில மாற்றங்களைத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் மைல் மதிப்பை எப்படித் தீர்மானிக்கிறீர்கள் என்று விளக்கம் கேட்டது.

அப்போ கணக்கை மூடிடலாமா?

வேண்டாம். உறுப்பினராக இருக்கக் கட்டணமில்லை. எப்படியும் அந்த விமானத்தில்தான் போகப்போகிறீர்கள் என்றால் உறுப்பினர் எண்ணைப் போடாமல் விடுவது முட்டாள்தனம். உறுப்பினராக இருப்பது வேறு, விசுவாசமாக இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் திட்டத்தின் வெற்றி இருக்கிறது. 27 வெள்ளிக்காகச் சென்னையில் இறங்கி ஆறு மணி நேரம் காரில் போக வைப்பதும் அந்தக் குழப்பம்தான்.

எனக்குச் சரியெனப்படுவது இது. முதலில் விலையையும் நேரத்தையும் பார்த்து டிக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு டிக்கெட்டும் ஏறக்குறைய சமம் என்றால் மட்டும் மைலைத் தராசில் வையுங்கள். போகவேண்டிய ஊரும் உத்தேச மாதமும் மனத்தில் இல்லாமல் மைல் சேர்க்காதீர்கள். சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள். சேமிப்புக் கணக்கில் வட்டி வரும், மைல் கணக்கில் வராது.

வங்கிப் புள்ளிகளை அவசரப்பட்டு கிரிஸ்ஃப்ளையருக்கு மாற்றவும் வேண்டாம். சில அட்டைகளின் புள்ளிகளுக்குக் காலாவதி இல்லை. அவை வங்கியில் இருக்கும்வரை கத்தே, பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று வேறு திட்டங்களுக்குப் போகும் வாய்ப்பும் திறந்திருக்கும். மாற்றிவிட்டால் திரும்ப வராது. மூன்று ஆண்டுக் கடிகாரமும் அந்த நாளில்தான் ஓடத் தொடங்கும். டிக்கெட் இருப்பதைப் பார்த்துவிட்டு மாற்றுவதே நல்லது. மாற்றம் நடக்கச் சில நாள் ஆகலாம், அதற்குள் இருக்கை போய்விடும் அபாயமும் இருக்கிறது. இரண்டு பக்கமும் இடி.

கல்யாணம் நெருங்குகிறது, வீவக வீட்டுக்குப் புதுப்பிப்பு வேலை என்றால் நிலைமை வேறு. விருந்து மண்டபத்துக்கும் மரச்சாமான்களுக்கும் எப்படியும் போகப்போகும் பெரிய தொகை அது. கையில் காசு தயாராக இருந்து, அட்டையில் போட்டுவிட்டு முழுவதையும் உடனே கட்ட முடிந்தால், இரண்டு ஆண்டில் சேரும் மைல் இரண்டே மாதத்தில் சேர்ந்துவிடும். தேனிலவுக்கு அது கைகொடுக்கும். தேதியில் பிடிவாதம் இல்லாதவர்கள் மாதாமாதம் வரும் 'ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ்' சலுகையையும் பார்க்கலாம். குறிப்பிட்ட சில ஊர்களுக்கு வழக்கமான மைலில் 30 விழுக்காடு குறைவு. ஆனால் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது.

பெற்றோருக்கு டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். உங்கள் மைலைப் பயன்படுத்தி ஐந்து பேர்வரைதான் டிக்கெட் எடுக்கலாம். அவர்களின் பெயர்களை முன்கூட்டியே கணக்கில் பதிவு செய்யவேண்டும். கடப்பிதழில் இருப்பதுபோலவே எழுதுங்கள். அப்பா பெயர் முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது நம்மவர்களுக்கு விமான நிலைய முகப்புகளில் என்றும் தீராத தலைவலி.

இன்னொரு வேலை. இன்றே செயலியைத் திறந்து, உங்கள் மைல்கள் எந்த மாதம் காலாவதியாகின்றன என்று பாருங்கள். அப்பா, அம்மாவின் கணக்கையும் திறந்து பாருங்கள். ஒரு விமான நிறுவனத்தில் நான் சேர்த்து வைத்த 11,000 மைலை இப்படிப் பார்க்காமலே கோட்டைவிட்டேன். நினைவூட்டும் மின்னஞ்சல் வந்திருந்தது, விளம்பரங்களுக்கு நடுவே. கிரிஸ்ஃப்ளையரில் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மூன்று ஆண்டுக்கு முந்திய மைல்கள் போகும். போவதற்கு முன்னால் கேட்டால் சாதாரண உறுப்பினர்களுக்கு ஆறு மாதம் நீட்டித்துத் தருவார்கள். ஒவ்வொரு 10,000 மைலுக்கும் 12 அமெரிக்க டாலர், அல்லது 1,200 மைல். ஆறு மாதத்தில் போக ஓர் இடம் இருந்தால் கட்டுங்கள். இல்லையென்றால் அந்த 12 டாலரையும் சேர்த்து ஏன் விடவேண்டும்?